பி.எஸ். என்று முடிகிற ஃபைல்

இதை நான் போடவில்லை. கடைசியில் பி.எஸ். என்று இருக்கிறது, பி.எஸ். என்றால் பியூலா சாமுவேல், இந்த ஆபீசில் பியூலா சாமுவேல் நான் ஒருத்திதான், ஆனால் இந்த ஃபைலை நான் போடவில்லை. முதலில் அத்திமேட்டு ஏரி, அடுத்து எல்லைக்கோடு, அடுத்து சாட்டிலைட் படம் எடுத்த தேதி, அடுத்து ஐந்தாம் பதிப்பு, அதற்கப்புறம் என் எழுத்து. நடுவில் இடைவெளி விடாமல், வார்த்தைக்கு வார்த்தை கீழ்க்கோடு போட்டு, வருஷம் முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில், நான் எப்படி வைப்பேனோ அப்படியே வைத்திருக்கிறார்கள். அதுதான் உறுத்துகிறது. தப்பும் தவறுமாக இருந்திருந்தால் யாரோ கை தவறிச் செய்தது என்று அழித்துவிட்டுப் போயிருப்பேன். இது கை தவறினது இல்லை. நான் நாலாம் பதிப்போடு நிறுத்தியவள். நாலாம் பதிப்பில் பிப்ரவரி மாதத் தேதி, மேகமே இல்லாத துடைத்துவிட்ட மாதிரி ஒரு படம். இதில் போன நவம்பர் தேதி போட்டிருக்கிறது. நவம்பரில் யார் ஏரியைப் பார்ப்பார்கள், நவம்பர் படத்தில் மேகத்தைத் தவிர என்ன தெரியும்? தேதி பழையது என்பதால் பட்டியலில் நாலுக்கு மேலே போய் உட்கார்ந்திருக்கிறது, கீழே தேடுகிறவள் கண்ணில் படாது. ஆனால் அனுப்பும்போது பதிப்பு எண் எது பெரிதோ அதைத்தான் எடுத்து அனுப்புவோம், அதுவும் நான் வைத்த விதிதான். நாலு மணிக்கு வரைபடம் அரசுத் துறைக்குப் போகவேண்டும். சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் இடத்துக்கு வந்துவிட்டார்கள், யாரோ டிபன் பாக்ஸைக் கழுவாமல் மூடி வைத்திருக்கிறார்கள், கருவாட்டு வாசனை ஏசிக் காற்றில் சுற்றிச் சுற்றி வருகிறது, எல்லோரும் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் ஒருத்தர் பார்ப்பது திரை இல்லை, என்னை.

நானே போட்டிருப்பேனோ? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சேமித்தது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தேன், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார், மரத்துப்போன உதட்டோடு ஆட்டோவில் வந்தேன், எச்சில் ஒழுகுவது தெரியாமல் துப்பட்டா நனைந்தது. அது செவ்வாய்தானே? செவ்வாய்தான், நாக்கு இப்போதும் அந்தக் குழிக்குள் போய்ப் போய் வருகிறது. என்னையே நான் இப்படிக் கேட்டுக்கொள்கிற நிலைமைக்கு யாரோ கொண்டுவந்து விட்டார்களே என்றுதான் ஆத்திரமாக இருக்கிறது. இந்த விதியெல்லாம் நான் எதற்காகக் கொண்டுவந்தேன்? நான் வந்து சேர்ந்த புதிதில் இங்கே ஃபைல்களுக்குப் பேர் கிடையாது, புலம்பல்தான் இருந்தது. இறுதி, புது இறுதி, இதுதான் இறுதி, சார் சொன்ன இறுதி. ஒரு தடவை அதில் எதையோ எடுத்து அனுப்பி, ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு மைதானத்துக்கு நடுவே புறவழிச்சாலை போகிற மாதிரி வரைபடம் போய், அந்த ஊரே மறியல் பண்ணியது. அப்புறம்தான் நான் ஒரு தாளில் எழுதித் தூணில் ஒட்டினேன். இடம், பொருள், படத்தின் தேதி, பதிப்பு, வரைந்தவர் எழுத்து. சிரித்தார்கள். 'பியூலா சட்டம்' என்று பேர் வைத்தார்கள். மூன்றாம் தேதி நாலாம் மாதமா, நாலாம் தேதி மூன்றாம் மாதமா என்று ஒருத்தரும் அதற்கப்புறம் சண்டை போட்டதில்லை, அதை மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை. பேரைப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரியவேண்டும், திறந்து பார்க்கத் தேவை இருக்கக்கூடாது, அதுதானே நல்ல பேர் என்று நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜீவிதாவாக இருக்குமோ? எனக்கு எதிர் வரிசை, என் கம்ப்யூட்டருக்குப் பின்னால் அவள் நெற்றியும் பொட்டும் மட்டும் தெரியும். போன வாரம் கேட்டாள், "அக்கா, அத்திமேடு முடிஞ்சிருச்சா, எத்தனாவது பதிப்பு?" என்று. அவளுக்கும் அத்திமேட்டுக்கும் என்ன சம்பந்தம், அவள் பார்ப்பது தெருவிளக்கு. அவள் வீட்டுக்காரர் மனை விற்கிறவர். மனை விற்கிறவர் பெண்டாட்டி ஏரி எல்லையைப் பற்றி ஏன் விசாரிக்கிறாள்? சும்மா கேட்டிருக்கலாம். சும்மா கேட்கிறவர்கள் பதிப்பு எண்ணைக் கேட்பார்களா? கண்ணாடி அறைக்குள் நரசிம்மன் சார், கம்பெனி அவருடையது, போனை எடுத்தால் நாற்காலியைச் சுவர் பக்கமாகத் திருப்பிக்கொள்வார், அது என்ன பழக்கமோ. அவருக்கு ஒரு கோட்டை நகர்த்த வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பார், நான் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன், அது அவருக்குத் தெரியும், தெரிந்ததால்தான் கூப்பிடவில்லையோ? என் பக்கத்தில் இருதயராஜ், வாயே திறக்காத பையன், பையன் என்ன, முப்பதைத் தாண்டியவன், ஒரு பெண் குழந்தை இருக்கிறது. இன்றைக்கு அவன் சாப்பிடப் போகவில்லை. வயிறு சரியில்லை என்றான். நவம்பரில் ஒரு வாரம் லீவு போட்டானே, அப்போதும் வைரல் ஃபீவர் என்றான், திரும்பி வந்தபோது காய்ச்சல்காரன் மாதிரி இல்லை, ஷேவ் செய்யாமல், யாரிடமும் பேசாமல், எங்கோ வேறு கம்பெனியில் இன்டர்வியூ போய்விட்டு வந்திருக்கிறான் என்று நான் அப்போதே நினைத்தேன்.

எபி சொல்வார், நீ பைபிளைக்கூட அச்சுப்பிழை இருக்குமோ என்றுதான் படிப்பாய் என்று. என் வீட்டுக்காரர் எபிநேசர், சொல்லிவிட்டுச் சிரிப்பார், அந்தச் சிரிப்பை நான் உற்றுப் பார்ப்பேன். அவர் போனில் கேஸ் ஏஜென்சி என்று ஒரு நம்பர், ஒரே மாதத்தில் அதிலிருந்து பல தடவை அழைப்பு. ஒரு வீட்டுக்கு எத்தனை சிலிண்டர் வேண்டும்? பேர்தானே, யாருக்கு எந்தப் பேர் வேண்டுமானாலும் வைக்கலாமே, கேஸ் ஏஜென்சி என்று வைத்தால் எந்தப் பெண்டாட்டி திறந்து பார்ப்பாள் என்று நான்கு நாள் உள்ளுக்குள்ளேயே அரைத்து, அவர் குளிக்கப் போனபோது என் போனிலிருந்து அந்த நம்பரைப் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். எடுத்ததும், "கேஸ் ஏஜென்சிங்க, சொல்லுங்க" என்றாள். பின்னால் சிலிண்டர் உருட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. நான் வைத்துவிட்டேன். நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை, எவ்வளவு ஏற்பாடாக இருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. இதை யாரிடம் சொல்ல முடியும்? இப்போதும் அப்படித்தானோ, ஒன்றுமில்லாததை நான்தான் ஊதிப் பெரிசாக்குகிறேனோ? ஆனால் இந்த ஃபைல் இருக்கிறது. திரையில் இருக்கிறது. விரலை வைத்துக் காட்டலாம். இதுவரை இதை ஏன் திறக்கவில்லை நான்? பேரைச் சுற்றியே நடந்துகொண்டிருக்கிறேன், திறந்தால் என்ன வரும் என்கிற பயம், என் எழுத்தைப் போட்டு எதைச் செய்திருக்கிறார்களோ, நாளைக்குத் துறையில் கேட்டால், இது நான் இல்லை சார், எழுத்து என்னுடையதுதான் ஆனால் நான் இல்லை சார் என்று சொன்னால் யார் நம்புவார்கள், நானே நம்பமாட்டேன்.

திறந்தேன். நாலாம் பதிப்பை நீலத்தில் வைத்து இதைச் சிவப்பில் மேலே விரித்தேன். தெற்கே ஒன்றாகப் போகிறது, கிழக்கே ஒன்றாகப் போகிறது, மதகு, கரை, பனைமரங்கள், எல்லாம் ஒட்டிப் போகிறது. வடமேற்கு மூலையில் சிவப்பு பிரிகிறது. நீலத்தை விட்டு வெளியே வந்து, சகாய நகரை வளைத்துக்கொண்டு, தார்ச்சாலை வரைக்கும் போய்த் திரும்புகிறது. சகாய நகரின் வீடுகள் அத்தனையும் ஏரிக்குள். யாரோ ஒரு பணக்காரனுடைய நிலத்தை ஏரியிலிருந்து வெளியே எடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன், இவன் ஏழைகளின் வீடுகளை உள்ளே தள்ளியிருக்கிறான். இது போனால் அவை ஆக்கிரமிப்பு. நோட்டீஸ் வரும், அப்புறம் இயந்திரம் வரும். என் எழுத்தோடு வரும். களத்துக்குப் போனபோது அந்தத் தெருவில் நடந்தேன், ஓட்டு வீடு, ஷீட் வீடு, மாடிக்குக் கம்பி நீட்டி வைத்துக் கட்டாமல் விட்ட வீடு, சுவர்களில் இடுப்பு உயரத்துக்கு மேலே பழுப்பாக ஒரு கறை, எல்லா வீட்டிலும் ஒரே மட்டத்தில், பெயின்ட் அடித்து அடித்தும் மேலே வருகிற கறை. ஒரு அம்மா ஈரத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "எதுக்கும்மா போட்டோ எடுக்கறே?" என்றாள். ஏரியை அளக்கிறோம் என்றேன். "ஏரி அங்கல்ல இருக்கு, இங்க எதுக்கு எடுக்கறே?" என்று என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, நீ சந்தேகப்படுவது சரிதானம்மா என்றுகூடத் தோன்றியது, ஆனால் சொல்லவில்லை, இரண்டு படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சிவப்புக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு போடுவது மௌஸால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போவதுதான். நான் எட்ட எட்ட வைப்பேன், ஜீவிதா அதைவிட எட்ட வைப்பாள், திட்டியிருக்கிறேன். இந்தக் கோட்டில் புள்ளிகள் நெருக்கி நெருக்கி விழுந்திருக்கின்றன, சகாய நகர் வந்ததும் இன்னும் நெருக்கம், வீட்டுக்கு வீடு நின்று நின்று வைத்த மாதிரி. இப்படி வைக்கிறவன் இந்த ஆபீசில் ஒருத்தன்தான். நான் தலையைத் திருப்பவில்லை. இருதயராஜின் கை மேஜையில் இருப்பது ஓரக்கண்ணில் தெரிகிறது. மௌஸைப் பிடித்திருக்கிறான், மௌஸ் அசையவில்லை. எவ்வளவு வாங்கியிருப்பான்? யாரிடம்? சாலையோரமாக ஏதாவது கம்பெனி அந்த இடத்தைக் கேட்டிருக்கும், வீடுகளை அகற்றிவிட்டால் அப்புறம் பூங்கா என்பார்கள், பார்க்கிங் என்பார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து, என் தண்ணீர் பாட்டிலிலிருந்து குடித்து, கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக் கேக்கைத் தின்று. கத்தலாமா, சாரிடம் போகலாமா, கத்தினால் இவன் அழித்துவிட்டு ஒன்றுமே தெரியாது என்பானோ? முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். அப்புறம்தான் பேசினேன், மெதுவாக, திரையைப் பார்த்துக்கொண்டே.

"அத்திமேடு அஞ்சாம் பதிப்பு யாரு போட்டது, இருதயராஜ்?"

அவன் இல்லை என்று சொல்வான், நான் புள்ளிகளைக் காட்டுவேன், அவன் மழுப்புவான் என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். அவன், "நான்தான்க்கா" என்றான். "காலையிலேருந்து நீங்க எப்பக் கேப்பீங்கன்னுதான் உக்காந்திருக்கேன்."

ஒத்துக்கொள்கிறவனிடம் கேள்வி கேட்டு எனக்குப் பழக்கமில்லை. "என் எழுத்தை எதுக்குப் போட்டே?" என்றேன்.

"உங்க எழுத்து இருந்தா யாரும் திறந்து பாக்க மாட்டாங்கக்கா. சார்கூடப் பாக்க மாட்டாரு. பி.எஸ்.னு இருந்தா நேரா அனுப்பிருவாங்க."

அவன் குரலில் கிண்டல் இல்லை. அதனால்தான் அது அறைந்த மாதிரி இருந்தது. வருஷக்கணக்கில் ஒவ்வொரு ஃபைலாக நான் சம்பாதித்தது, அதைத்தான் இவன் திருடியிருக்கிறான், அது திருடத் தகுந்தது என்று இவன் ஒருத்தன்தான் கண்டுபிடித்திருக்கிறான். "யாருக்காகச் செஞ்சே? சகாய நகர்ல யாரு இடத்தைக் கேக்கறா?" என்றேன்.

"என் வீடே அங்கதான்க்கா இருக்கு."

பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். மேடவாக்கம் பக்கம் என்றுதானே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். அவன் மௌஸை நகர்த்தி அவன் திரையில் ஒரு வீட்டைக் காட்டினான், நீலத்துக்கு வெளியே, சிவப்புக்கு உள்ளே, ஷீட் கூரை சூரிய வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. விரலைத் திரையில் வைத்தபடியே பேசினான், யாருக்கும் கேட்காத குரலில், நான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. நவம்பரில் தண்ணீர் ராத்திரியில் வரவில்லை, பட்டப்பகலில், கண் முன்னால், ஏரி எழுந்து நடந்து வருகிற மாதிரி வந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம், கட்டிலைத் தூக்கிச் செங்கல் மேல் வைத்தார்கள், செங்கல் மூழ்கியது, கதவைக் கழற்றி அதில் அவரைக் கிடத்தி, அவன் ஒரு பக்கமும் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கமுமாகப் பிடித்துத் தார்ச்சாலைக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அந்த வாரமே போய்விட்டார். "ஃபீவர்னு சொன்னேன். அப்பா போயிட்டாருன்னு சொன்னா எங்க, எப்படின்னு கேப்பாங்க, என் வீடு அந்த ஏரிக்கரைன்னு தெரிஞ்சா என்னை அத்திமேட்டு வேலையிலேருந்து எடுத்திருவாங்க" என்றான். இன்டர்வியூ என்று நினைத்தேனே. ஷேவ் செய்யாத முகத்தைப் பார்த்து இன்டர்வியூ என்று நினைத்தேனே. இன்டர்வியூவுக்குப் போகிறவன் ஷேவ் செய்யாமலா போவான், அதைக்கூட யோசிக்காமல்.

"அப்போ உன் வீட்டை நீயே ஏரிக்குள்ள போட்டியா?"

"தண்ணி வந்த இடத்துலதான் போட்டேன். ஏரிக்குள்ளன்னா மாற்று வீடு குடுக்கணும்க்கா. வெளியேன்னா ஒண்ணும் கிடையாது, வருஷா வருஷம் இப்படியே கிடக்க வேண்டியதுதான். வர்ற நவம்பர்ல என் பொண்ணை எந்தக் கதவுல போட்டுத் தூக்கறது?"

"மத்த வீட்டுக்காரங்க? அவங்களைக் கேட்டியா?"

அவன் விரலைத் திரையிலிருந்து எடுத்தான். "கேட்டேன்னு சொன்னா பொய். பாதிப் பேரு எங்கயாவது போயிரலாம்னு இருக்காங்க. பாதிப் பேரு இது தெரிஞ்சா என்னைய உயிரோட விடமாட்டாங்க."

இதை நம்புவதா? அழகாக இருக்கிறது, அழகாக இருப்பதாலேயே நம்ப முடியவில்லை. மாற்று வீடு கொடுப்பார்கள் என்று இவனுக்கு யார் சொன்னது, எத்தனை பேர் தகரக் கொட்டகையில் காத்துக்கிடக்கிறார்கள் என்று இவனுக்குத் தெரியாதா? "நவம்பர் படத்துல மேகம்தானே இருக்கும், எதைப் பாத்துக் கோடு போட்டே?" என்றேன். "ராடார் படம்க்கா. மேகத்தைத் தாண்டிப் பாக்கும்ல, அது." என்னிடம் இல்லையே என்றேன். அவன் சங்கடமாகச் சிரித்தான். "ஜனவரியில உங்களுக்கு அனுப்பினேன். 'நவம்பர் வெள்ளம் அக்கா பார்க்கவும்'னு பேர் போட்டு. நீங்க திருப்பி அனுப்பிட்டீங்க, பேர் விதிப்படி இல்லைன்னு." நான் உடனே என் மெயிலில் தேடினேன், அப்படி இருக்காது என்று காட்டத்தான் தேடினேன். இருந்தது. அவன் அனுப்பியதும், அதற்கு என் பதிலும். 'பெயர் விதிப்படி இல்லை. மாற்றி அனுப்பவும்.' திறந்தே பார்க்காமல் எழுதின பதில். திறந்தேன். சாம்பல் நிறத்தில் பூமி, தண்ணீர் இருக்கிற இடமெல்லாம் கறுப்பு. கறுப்பு கரையைத் தாண்டி, சகாய நகரை முழுங்கி, தார்ச்சாலை வரை வந்து நிற்கிறது. அந்த நாளில் அந்தக் கறுப்புக்குள் எங்கோ ஒரு கதவு மிதந்திருக்கிறது. இடுப்புக்கு மேலே ஒரே மட்டத்தில் இருந்த அந்தக் கறையை நான் என் கண்ணால் பார்த்தேன், போட்டோவும் எடுத்தேன், ஏரி எல்லை என்று அதை நினைக்கவே இல்லை. பிப்ரவரிக் கோடு பொய்யில்லை. நவம்பர்க் கோடும் பொய்யில்லை. அவன் ஃபைலில் இடம் நிஜம், தேதி நிஜம், என் எழுத்து மட்டும்தான் பொய்.

மூன்றரை ஆகிவிட்டது. நாலாம் பதிப்பை அனுப்பிவிட்டு ஐந்தை அழித்துவிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது, இவன் வாயைத் திறக்கமாட்டான். ஐந்தை அனுப்பிவிட்டு நானே போட்டதாக இருந்துவிடலாம், அந்த அம்மா ஈரத்துணியோடு நோட்டீஸைப் பார்ப்பாள். எதைச் செய்தாலும் ஒருத்தர் வீட்டு வாசலில் என் எழுத்து நிற்கும். நான் எழுந்து என் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினேன். "இங்க வந்து உக்காரு. ஆறாம் பதிப்பு போடு. ரெண்டு கோடும் இருக்கட்டும். பிப்ரவரி தேதியும் போடு, நவம்பர் தேதியும் போடு."

"ரெண்டு தேதி விதியில இல்லியேக்கா."

"போடு. கடைசியில உன் எழுத்தைப் போடு. அப்புறம் என்னுது."

அவன் தட்டினான். ஐ.ஆர்., அதற்குப் பின்னால் பி.எஸ். நான் அவன் தோளுக்கு மேலாக ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை பார்த்தேன்.

நரசிம்மன் சார் பேரைப் பார்த்ததுமே புருவத்தைச் சுருக்கினார். "என்ன பியூலா, நீங்களே இப்படி ஒரு பேரு வைக்கறீங்க?" என்றார். நான் இரண்டு கோட்டையும் காட்டினேன், கறுப்புப் படத்தைக் காட்டினேன், இன்னொரு முறை களத்துக்குப் போய் அந்தத் தெருவில் இருப்பவர்களைக் கேட்காமல் எதையும் அனுப்பக்கூடாது என்றேன். என் குரல் நடுங்கியது, நடுங்குவதை அவர் கவனிக்கிறாரா என்று நான் கவனித்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார், தலையை லேசாகச் சாய்த்து, ரொம்ப நேரம். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க," என்றார். "அங்க உங்களுக்கு யாராவது வேண்டியவங்க இருக்காங்களா?"

இத்தனை வருஷம் சந்தேகப்படுகிற பக்கமிருந்தே பார்த்தவள், அந்தப் பக்கம் இவ்வளவு வெயிலாக இருக்கும் என்று தெரியாது. இல்லை சார் என்று வாய் போனது. பின்னால் கண்ணாடிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"எனக்குத்தான் சார்," என்றான் இருதயராஜ். "அந்த வீடு என்னுது. அப்பா அந்தத் தண்ணியாலதான் போனாரு."

சார் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார், இந்தத் தடவை நிஜமாகவே படத்தை. விரலால் கறுப்பின் ஓரத்தைத் தொட்டார். அப்புறம், "அத்திமேட்டு வேலையில இனிமே நீ வேண்டாம்ப்பா," என்றார். அவன் தலையாட்டினான், எதிர்பார்த்தவன் மாதிரி. "நாளைக்கு பியூலாவும் ஜீவிதாவும் களத்துக்குப் போங்க. தெருவுல எல்லார்கிட்டயும் பேசுங்க. அவன் வீட்டுலயும். இன்னைக்கு ஒண்ணும் போகாது, துறைக்கு நான் சொல்லிக்கறேன்." வேறு எதுவும் சொல்லவில்லை, எழுத்தைத் திருடியது பற்றி நானும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.

வெளியே வந்து உட்கார்ந்தோம். அவன் பாட்டிலை எடுக்கக் கை நீட்டி, பாதியில் நிறுத்தினான். நானே எடுத்து அவன் பக்கம் வைத்தேன். குடித்தான். கண்ணாடிக்குப் பின்னால் சார் போனை எடுத்தார், நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார், முதுகுதான் தெரிந்தது, தலை ஆடியது, கை ஒரு தடவை மேலே போய் இறங்கியது. எதற்காக இவ்வளவு தாழ்ந்த குரல்? தேதியைத் தள்ளிவைக்கச் சொல்ல இவ்வளவு நேரமா? நான் எட்டிப் பார்த்தேன்.

"என்னக்கா பாக்கறீங்க?"

"அவரு யார்கிட்ட பேசறாரு?"

"துறைக்குத்தான்க்கா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் என்னைப் பார்த்தான். நவம்பருக்கு அப்புறம் முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தான். ஜீவிதா எதிரிலிருந்து தலையைத் தூக்கி, எதற்குச் சிரிக்கிறான் என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.